சக்கரம் பொறித்த துப்பாக்கி எந்த நாட்டுடையது? வாசகர் கேள்வி – பதில்

பழைய துப்பாக்கிகளைப் பற்றி வாசகர்கள் அனுப்பிய கேள்விகளுக்கு, அருங்காட்சியகம் ஒன்றின் ஆயுதப் பிரிவில் பணியாற்றி ஓய்வுபெற்றவர் பதில் தருகிறார்.

கேள்வி: ஐயா, என் மாமனார் விட்டுச்சென்ற பழைய ரைஃபிள் ஒன்று எங்களிடம் முறையான உரிமத்தோடு இருக்கிறது. அவர் அதை ஜெர்மன் மாசர் என்பார். மைத்துனர் ஜப்பான் துப்பாக்கி என்கிறார். பார்க்க வந்த வியாபாரி ஒருவர், "இரண்டும் இல்லை, ஊர் பேர் தெரியாத நகல். வேண்டுமானால் நானே எடுத்துக்கொள்கிறேன்" என்றார். ஆங்கில எழுத்து எங்குமே இல்லை. பேரலுக்குப் பின்னால், மேல்பக்கம், ஒரு சக்கரம் பொறித்திருக்கிறது. சுருள் சுருளாக எண்கள் போல ஏதோ இருக்கிறது. போல்ட்டுக்கு மேல் ஒரு தகடு முன்னும் பின்னும் நகர்கிறது. அடிக்கட்டையில் நீளவாக்கில் ஒரு கோடு ஓடுகிறது, இரண்டு துண்டை ஒட்டியது போல. இது எந்த நாட்டுடையது? என்ன விலை போகும்? படங்கள் இணைத்திருக்கிறேன்.

பதில்: முதலில் உங்கள் வீட்டு வழக்கைத் தீர்த்துவைக்கிறேன். மாமனார் சொன்னதும் சரி, மைத்துனர் சொன்னதும் சரி. இருவரும் ஆளுக்குக் கொஞ்சம் சொல்லியிருக்கிறார்கள், மீதியைச் சக்கரம் சொல்கிறது. உங்களிடம் இருப்பது சயாம் நாட்டின், அதாவது இன்றைய தாய்லாந்தின், டைப் 46 ரைஃபிள். வடிவமைப்பு ஜெர்மனியின் 1898 மாசரை ஒட்டியது. செய்தது டோக்கியோவில் இருந்த கொய்ஷிகாவா ஆயுதச் சாலை. தூக்கிச் சுமந்தவர்கள் சயாம் சிப்பாய்கள். நகல் என்று சொன்ன வியாபாரிக்கு இது தெரியாமல் இருந்திருக்கலாம், நன்றாகவே தெரிந்தும் இருக்கலாம். பொருளை மட்டம் தட்டிவிட்டு உடனே தானே வாங்கிக்கொள்கிறேன் என்கிறவரை நான் இரண்டாவது வகையில்தான் சேர்ப்பேன்.

இதை எப்படிச் சொல்கிறேன் என்பதையும் சொல்லிவிடுகிறேன், இதே முறை மற்றவர்களுக்கும் உதவும். உங்கள் படங்களில் நான் முதலில் தேடியது ரிசீவரின் முன்வளையம். தோட்டாவை உள்ளே தள்ளும் போல்ட் போய்ப் பூட்டிக்கொள்ளும் எஃகுப் பகுதி அது. ராணுவ ரைஃபிள் என்றால் பெரும்பாலும் அந்த உச்சியில்தான் அரசு தன் சின்னத்தைப் பொறிக்கும். ஜப்பான் தன் படைக்காகச் செய்தது என்றால் அங்கே பதினாறு இதழ் செவ்வந்திப் பூ இருக்க வேண்டும், அது பேரரசரின் சின்னம். 1945-ல் ஜப்பான் சரணடைந்தபோது ஏராளமான ரைஃபிள்களில் அந்தப் பூவைத் தேய்த்து அழித்தார்கள். அதனால்தான் பூ முழுசாக இருக்கும் ஜப்பான் ரைஃபிளுக்குச் சேகரிப்பாளர்கள் கூடுதலாகக் கொடுக்கிறார்கள். உங்களுடையதில் பூவும் இல்லை, தேய்த்த தடமும் இல்லை. இருப்பது சக்கரம். சயாமின் சக்கரி அரச வம்சத்தின் சின்னமே திருமாலின் சக்கரமும் சிவனின் திரிசூலமும்தான். நம் கண்ணுக்குச் சட்டென்று பிடிபடும் இந்தச் சக்கரத்தைப் பார்த்துவிட்டு, இது ஏதோ நம் பக்கத்துச் சமஸ்தானத்தின் துப்பாக்கி என்று முடிவுகட்டியவர்களையும் பார்த்திருக்கிறேன்.

சுருள் சுருளாக இருப்பவை எண்களேதான், தாய்லாந்து எழுத்தில். அவர்களின் 0 வெறும் வட்டம், 1 உள்நோக்கிச் சுருண்ட வட்டம். 4-க்கும் 5-க்கும் வித்தியாசம் ஒரு சின்ன மடிப்புதான், துரு ஏறியிருந்தால் இரண்டும் ஒன்றாகத் தெரியும். பூதக்கண்ணாடியும் பக்கவாட்டில் விழும் வெளிச்சமும் இல்லாமல் படிக்காதீர்கள். டார்ச்சை எண்ணுக்கு நேரே பிடிக்காமல், உலோகத்தோடு ஒட்டினாற்போல் சாய்த்துப் பிடித்தால் தேய்ந்த கோடும் நிழலாக எழுந்து நிற்கும்.

டைப் 46 என்ற பெயரிலேயே ஆண்டு இருக்கிறது. அது புத்த ஆண்டு 2446. அதிலிருந்து 543-ஐக் கழித்தால் 1903 வரும். அந்தக் காலத்தில் சயாமில் ஆண்டு ஏப்ரல் 1-ல் தொடங்கியது, 1941-ல்தான் ஜனவரி 1-க்கு மாற்றினார்கள். எனவே 1903 ஏப்ரல் முதல் 1904 மார்ச் வரை என்று வைத்துக்கொள்ளுங்கள். இது மாடல் ஏற்கப்பட்ட ஆண்டு. உங்கள் கையில் இருக்கும் துப்பாக்கி அதற்கும் சில ஆண்டுகள் கழித்துச் செய்யப்பட்டிருக்கலாம்.

சயாம் ஏன் டோக்கியோவுக்குப் போனது? ஒரு பக்கம் பர்மாவில் ஆங்கிலேயர், மறுபக்கம் இந்தோசீனாவில் பிரெஞ்சுக்காரர். 1893 ஜூலையில் பிரெஞ்சுப் போர்க்கப்பல்கள் பாக்நாம் கோட்டையின் குண்டுகளைத் தாண்டி பாங்காக்குக்கே வந்து நின்றன. அப்போது அரசராக இருந்தவர் சுலலாங்கார்ன், ஐந்தாம் ராமா. படையைப் புதுப்பிக்க வேண்டிய கட்டாயம் அவருக்கு இருந்தது. எல்லையில் நின்று மிரட்டும் இரண்டு வல்லரசுகளிடமும் போய்த் துப்பாக்கி வாங்காமல், ஆசியாவிலேயே நவீன ஆயுதச் சாலை வைத்திருந்த நாட்டிடம் செய்யச் சொன்னது கெட்டிக்காரத்தனம் என்றுதான் எனக்குத் தோன்றுகிறது.

ஜப்பானியக் கைவேலை உங்கள் துப்பாக்கியில் இரண்டு இடத்தில் அப்பட்டமாகத் தெரிகிறது. ஒன்று, போல்ட்டோடு சேர்ந்து நகரும் அந்தத் தகடு. தூசியும் மழையும் உள்ளே போகாமல் காக்கும் மூடி அது. ஜப்பானின் டைப் 38 ரைஃபிளிலும் இப்படி ஒன்று உண்டு. இன்னொன்று, அடிக்கட்டையில் ஓடும் கோடு. அது விரிசலும் இல்லை, யாரோ ஒட்டுப்போட்டதும் இல்லை. கட்டையின் கீழ்ப்பகுதியைத் தனித் துண்டாகச் செய்து கோத்து ஒட்டுவது அந்த ஆயுதச் சாலையின் வழக்கம். அகலம் குறைந்த மரமே போதும் என்பது அதில் ஒரு வசதி. பசை வறண்டு கோடு சற்றே திறந்திருந்தாலும் தச்சரைக் கூப்பிட்டு "சரி" செய்துவிடாதீர்கள்.

அப்புறம் தோட்டா. இந்த ரைஃபிள் பிறந்தபோது 8 மில்லிமீட்டர் குண்டும் 50 மில்லிமீட்டர் நீளக் கூடும் உள்ள, அடியில் விளிம்பு வைத்த, மொட்டை முனைத் தோட்டாவைச் சுட்டது. புத்த ஆண்டு 2466-ல், அதாவது 1923-ல், கூர்முனைக் குண்டும் 52 மில்லிமீட்டர் கூடும் கொண்ட புதிய தோட்டாவுக்கு சயாம் மாறியது. பழைய ரைஃபிள்கள் பலவற்றில் தோட்டா உட்காரும் அறையை அதற்கேற்பக் குடைந்தார்கள். உங்களுடையது எந்த நிலையில் இருக்கிறது என்பதைக் கண்ணால் பார்த்துச் சொல்ல முடியாது, அறையை அச்சு எடுக்க வேண்டும். செரோசேஃப் என்ற உலோகக் கலவை இதற்கென்றே இருக்கிறது. 70 முதல் 88 டிகிரி செல்சியஸிலேயே உருகிவிடும். பேரலை அடைத்துவிட்டு உருக்கி ஊற்றி, இறுகியதும் தட்டி எடுத்து அளப்பார்கள். முதலில் சுருங்கி, பிறகு மெல்ல விரிந்து, சுமார் ஒரு மணி நேரம் கழித்து அறையின் உண்மையான அளவுக்கு வந்து நிற்பது அதன் குணம். பழகிய ஆயுதப் பணியாளரிடம் விட்டுவிடுங்கள், வீட்டு அடுப்பில் வேண்டாம்.

இந்த விளிம்பு வைத்த தோட்டாதான் இந்த ரைஃபிளின் தலைவிதியையும் எழுதியது. விளிம்புகள் ஒன்றோடொன்று சிக்காமல் இருப்பதற்காக தோட்டாப் பெட்டியைச் சாய்வாக அமைத்திருந்தார்கள். உபரி ஆயுதமாக அமெரிக்கச் சந்தைக்குப் போனபோது, அங்குள்ள துப்பாக்கிக் கொல்லர்கள் இதைக் கண்டுகொண்டார்கள். அவர்களின் பழைய .45-70 வேட்டைத் தோட்டாவும் விளிம்பு வைத்ததுதான். அதைப் போடுவதற்கு வலுவான மாசர் அமைப்பு, அதுவும் மலிவாகக் கிடைத்தால் விடுவார்களா? பேரலைக் கழற்றினார்கள், கட்டையை வெட்டினார்கள், வேட்டைத் துப்பாக்கியாக மாற்றித் தள்ளினார்கள். அன்றைக்கு அது யாருக்கும் குற்றமாகத் தெரியவில்லை. அப்படி வெட்டுப்படாமல் மிஞ்சியதால்தான் உங்களுடையதற்கு இன்று மதிப்பு.

இனி விலை. தொகை சொல்லாமல் நழுவுகிறேன் என்று கோபப்படாதீர்கள். கையில் எடுத்துப் பார்க்காமல் படத்தை வைத்துத் தொகை சொல்கிறவர் யாராக இருந்தாலும் நம்பாதீர்கள், நானாக இருந்தாலும்தான். எதையெல்லாம் பார்ப்பார்கள் என்று சொல்கிறேன். மேல்மூடி இருக்கிறது, பெரிய விஷயம். இந்த மாதிரி மூடிகள் கலகலவென்று சத்தம் போடுகின்றன என்று ஜப்பான் சிப்பாய்களே தங்கள் ரைஃபிள்களிலிருந்து கழற்றி எறிந்திருக்கிறார்கள். பேரலுக்கு அடியில் துடைப்புக் கம்பி இருக்கிறதா என்று உங்கள் படத்தில் தெரியவில்லை, பாருங்கள். ரிசீவரில் உள்ள எண்ணும் போல்ட்டில் உள்ள எண்ணும் ஒத்துப்போகின்றனவா என்பதுதான் அடுத்த கேள்வி. ஒத்தால் விலை ஏறும், ஒத்துப்போகாவிட்டால் இறங்கும். அதற்காக எண்ணைத் தேய்த்துவிட்டுப் புதிதாகக் குத்தினால், விலை மட்டுமல்ல, உங்கள் பெயரும் போகும், பல நாடுகளில் சிறைக்கும் போகலாம். பேரலின் உட்புறம் சொரசொரத்திருக்கிறதா, உள்ளே சுற்றியோடும் வரிகள் கூர்மையாகத் தெரிகின்றனவா என்றும் பார்ப்பார்கள். அந்தக் காலத்துத் தோட்டாக்களின் பற்றவைப்பு மருந்து உப்பை விட்டுச்செல்லும், சுட்டபின் தண்ணீர்விட்டுக் கழுவாத பேரல் உள்ளே குழிகுழியாக அரித்திருக்கும். அமெரிக்கா வழியாக வந்த துப்பாக்கியில் இறக்குமதியாளர் பெயர் குத்தியிருந்தால் அதற்கும் கொஞ்சம் கழித்துக்கொள்வார்கள், 1968-ன் துப்பாக்கிக் கட்டுப்பாட்டுச் சட்டம் கொண்டுவந்த பழக்கம் அது.

இவற்றைக் குறித்துக்கொண்டு, ஆயுத ஏல நிறுவனங்களின் பழைய ஏல முடிவுகளைத் தேடுங்கள். விற்பவர் கேட்கும் விலையைப் பார்க்காதீர்கள். யாரும் எதையும் கேட்கலாம். சுத்தியல் விழுந்த விலையைப் பாருங்கள். அதிலும், அச்சிட்ட தொகையில் வாங்குபவர் ஏல நிறுவனத்துக்குக் கட்டும் கமிஷன் சேர்ந்திருக்கிறதா இல்லையா என்று அடிக்குறிப்பைப் படியுங்கள். இரண்டுக்கும் கணிசமான வித்தியாசம் உண்டு. வெட்டிய டைப் 46-ன் விலையோடு உங்களுடையதை ஒப்பிட்டு மனம் சோர வேண்டாம்.

ஒரு சின்ன எச்சரிக்கை. அமெரிக்கச் சட்டத்தில் 1898 வரை செய்யப்பட்ட துப்பாக்கிதான் 'பழம்பொருள்'. உங்களுடையது அந்தக் கோட்டை சில ஆண்டுகளில் தவறவிட்டது. பிரிட்டனில் கணக்கு வேறு, ஆண்டோடு தோட்டாவின் வகையையும் பார்க்கிறார்கள். எந்த நாட்டில் விற்கப்போகிறீர்களோ அந்த நாட்டுச் சட்டத்தை முதலில் கேட்டுக்கொள்ளுங்கள், வியாபாரி அப்புறம்.

கேள்வி: நீங்கள் சயாம் பற்றி அடிக்கடி சொல்வதால் கேட்கிறேன். நண்பரிடம் ஒரு லீ-என்ஃபீல்டு இருக்கிறது. பார்க்க சாதாரண பிரிட்டிஷ் ரைஃபிள்தான், ஆனால் புலித்தலை ஒன்று குத்தியிருக்கிறது. யாராவது விளையாட்டுக்குச் செய்ததா?

பதில்: விளையாட்டு இல்லை. ஆறாம் ராமாவான வஜிராவுத் அரசர் 1911-ல் 'காட்டுப் புலிப் படை' என்று ஒரு துணைப்படை தொடங்கினார். அதற்காக பர்மிங்ஹாமின் பி.எஸ்.ஏ. நிறுவனம் 1920 வாக்கில் செய்துகொடுத்த லீ-என்ஃபீல்டுகளில் புலித்தலையும் தாய்லாந்து எழுத்தும் இருக்கும். லட்சக்கணக்கில் கிடக்கும் சாதாரண லீ-என்ஃபீல்டோடு ஒப்பிட்டால் இது மிக அபூர்வம், விலையும் அப்படியே. அதனாலேயே பொய்ப் புலியும் உலவுகிறது. முத்திரையின் குழிக்குள் இருக்கும் நிறமும் சுற்றியுள்ள எஃகின் நிறமும் ஒன்றாக இருக்க வேண்டும். சுற்றிலும் நூறு வருடப் பழுப்பு, குழிக்குள் மட்டும் பளபளப்பு என்றால் நண்பரிடம் பக்குவமாகச் சொல்லுங்கள்.

கேள்வி: எங்கள் குடும்பத்தில் வின்செஸ்டர் 94 என்ற அமெரிக்க ரைஃபிள் ஒன்று உள்ளது. என் பெரிய தாத்தாவின் வீரத்தைப் பாராட்டி ஒரு பெரிய ராணுவ அதிகாரி தன் கையாலேயே கொடுத்தது. இந்தச் சரித்திரத்தால் விலை எத்தனை மடங்கு கூடும்?

பதில்: காகிதம் இருக்கிறதா? உங்கள் கடிதத்தை இரண்டு முறை படித்தேன், அதிகாரியின் மீசை வரை எழுதியிருக்கிறீர்கள், ஒரு துண்டுக் கடிதம், ஒரு புகைப்படம், ஒரு ரசீது இருப்பதாக மட்டும் எழுதவில்லை. அப்படியானால் கூடுதல் மதிப்பு பூஜ்யம். கதை பொய் என்று நான் சொல்லவில்லை. துப்பாக்கி கைமாறும்போது கதை கூடவே போகாது, காகிதம்தான் போகும்.

காகிதம் இருந்தால் என்ன ஆகும் என்பதற்கு இரண்டு உதாரணம். 2016-ல் அமெரிக்காவில் ஒரு வின்செஸ்டர் 1886 ரைஃபிள் 12 லட்சத்து 65 ஆயிரம் டாலருக்கு ஏலம் போனது. அந்த மாடலின் வரிசை எண் 1 அது. அப்பாச்சி பழங்குடித் தலைவர் ஜெரோனிமோவைப் பிடிக்கப் போன படையின் கேப்டன் ஹென்றி லாட்டனுக்குப் பரிசாகப் போனது என்பதும் அதிலேயே பொறித்திருந்தது. 2021-ல் ஷெரிஃப் பாட் காரெட்டின் ரிவால்வர், கோல்ட் நிறுவனம் செய்தது, பில்லி தி கிட் என்ற கொள்ளையனைச் சுட்டது, 60 லட்சம் டாலரைத் தாண்டியது. அது அந்தக் காலத்தில் ஏராளமாக விற்ற மாடல்தான். வாங்கியவர் கொடுத்தது இரும்புக்கு இல்லை. அது யார் யாரிடம் எப்போது இருந்தது என்று இடைவெளியில்லாமல் காட்டும் ஆவணங்களுக்கு.

உங்களால் செய்யக்கூடியது ஒன்று உண்டு. வின்செஸ்டரின் பழைய தொழிற்சாலைப் பதிவேடுகள் அமெரிக்காவின் வயோமிங் மாநிலத்தில், கோடி என்ற பெயருள்ள ஊரின் அருங்காட்சியகத்தில் இருக்கின்றன. வரிசை எண்ணைக் கொடுத்துக் கட்டணம் கட்டினால், அந்த எண்ணுக்குப் பதிவு மிஞ்சியிருந்தால், எந்த நிலையில் எந்தத் தேதியில் கிடங்கைவிட்டுப் போனது என்று கடிதம் தருவார்கள். எல்லா எண்களுக்கும் பதிவேடு மிஞ்சவில்லை. கடிதம் வந்தால், குறைந்தபட்சம் கதையின் தேதியோடு துப்பாக்கியின் தேதி ஒத்துப்போகிறதா என்று தெரிந்துவிடும். பரிசு கொடுத்த ஆண்டுக்குப் பிறகு பிறந்த பரிசுத் துப்பாக்கிகள் உலகத்தில் நிறைய. இன்னொன்றும் பாருங்கள். 1964-ல் வின்செஸ்டர் செலவைக் குறைக்கத் தயாரிப்பு முறையை மாற்றியது. அதற்கு முன் செய்த 94-க்கும் பின் செய்த 94-க்கும் சேகரிப்பாளர் மனதில் பெரிய இடைவெளி. உங்கள் அதிகாரியைவிட அந்த ஒரு ஆண்டு உங்கள் விலையை அதிகம் தீர்மானிக்கக்கூடும்.

கேள்வி: தேவநாகரி எழுத்தும் 1950 என்ற எண்ணும் பொறித்த மார்ட்டினி வகைத் துப்பாக்கி ஒன்றை வாங்கலாமா என்று யோசிக்கிறேன். விற்பவர் 19-ஆம் நூற்றாண்டு என்கிறார். 1950 என்று அதிலேயே எழுதியிருக்கிறதே! என்னை முட்டாள் என்று நினைத்துவிட்டாரா?

பதில்: இந்த முறை விற்பவர் பக்கம் நியாயம் இருக்கிறது. அது நேபாளத் துப்பாக்கி, ஆண்டு விக்ரம சகாப்தம். 57-ஐக் கழியுங்கள், 1893 வரும். பழைய துப்பாக்கியில் நான்கு இலக்கம் கண்டால் ஆங்கில ஆண்டு என்றே எடுத்துக்கொள்வது பலருக்கும் பழக்கம். செக்கோஸ்லோவாக்கியாவின் பிர்னோ தொழிற்சாலை பாரசீகத்துக்குச் செய்த மாசரில் 1309 இருக்கும். மத்தியகாலத்துத் துப்பாக்கியா என்று மலைக்க வேண்டாம், அது ஈரானியச் சூரிய ஆண்டு. 621 கூட்டினால் 1930.

உங்களுக்குக் காட்டியது மார்ட்டினி-ஹென்றி என்ற பிரிட்டிஷ் ராணுவத் துப்பாக்கியின் நேபாள நகலாக இருக்கலாம், 'ககேந்திரா'வாகவும் இருக்கலாம். இரண்டாவதாக இருந்தால் எனக்குச் சந்தோஷம். நேபாளப் பிரதமர் பீர் ஷம்ஷேர் ராணாவின் மகன் ககேந்திர ஷம்ஷேர் உருவாக்கியது அது. இரட்டைக் குழல் கொண்ட 'பீரா' என்ற இயந்திரத் துப்பாக்கியும் அவர் வேலைதான், அப்பாவின் பெயரைச் சூட்டினார். ககேந்திராவை வெளியிலிருந்து பார்த்தால் மார்ட்டினிதான். உள்ளே திறந்தால் வேறு ஆள். மார்ட்டினி-ஹென்றியில் தோட்டாவைக் குத்தும் ஊசியை இயக்குவது சுருள்வில். ககேந்திராவில் தட்டை வில், வெஸ்ட்லி ரிச்சர்ட்ஸ் நிறுவனத்தின் வடிவமைப்பைத் தழுவியது. விற்பவர் உட்பகுதியைக் கழற்றிக் காட்டச் சம்மதித்தால் ஒரு நொடியில் தெரிந்துவிடும். ஒவ்வொன்றும் கையால் ராவிச் செய்தது, ஒன்றின் பாகம் இன்னொன்றில் சரியாகப் பொருந்தாது. எனவே உடைந்த பாகம் உள்ளதை 'மாற்றிக்கொள்ளலாம்' என்ற பேச்சை நம்பி வாங்காதீர்கள்.

விலை பேசும்போது இதை நினைவில் வையுங்கள். ஒரு காலத்தில் நேபாளத்துக்கு வெளியே இந்தத் துப்பாக்கியைப் பார்த்தவர்களே அரிது. காத்மாண்டுவின் லகன் சிலேகானா என்ற பழைய அரண்மனைக் கிடங்கில் தலைமுறைகளாக மண்ணோடு மண்ணாகக் கிடந்தவை. 2003-ல் இரண்டு அமெரிக்க நிறுவனங்கள் அந்தக் கிடங்கையே மொத்தமாக வாங்கிக் கப்பலில் ஏற்றின. பல்லாயிரம் துப்பாக்கிகள் சந்தைக்கு வந்ததும் 'உலகிலேயே அபூர்வம்' என்ற வார்த்தை செல்லாமல் போனது. உங்கள் வியாபாரி இன்னும் 2003-க்கு முந்திய பேச்சைப் பேசினால், நீங்கள் பிந்திய விலையைப் பேசுங்கள். வாங்குங்கள், நல்ல பொருள். ஆனால் சுடக் கூடாது. அந்தப் பேரல்களின் எஃகை யாரும் இன்று சோதித்துச் சான்று தருவதில்லை.

கேள்வி: கிரீடமும் அதன் கீழே 'வி.ஆர்.' என்றும், அடுத்து 1908 என்றும் பொறித்த லீ-என்ஃபீல்டு. விக்டோரியா ராணியின் முத்திரை என்பதால் விலை கூடுமா?

பதில்: விக்டோரியா ராணி 1901 ஜனவரியில் இறந்துவிட்டார். 1908-ல் அவர் பெயரில் பிரிட்டிஷ் அரசு முத்திரை குத்தவில்லை. அப்போது மகன் எட்வர்டு, 'இ.ஆர்.' இருக்க வேண்டும். 1910-லிருந்து ஜார்ஜ், 'ஜி.ஆர்.'. உங்களுடையது எல்லைப்புறத்துக் கைவேலை, தாரா ஆதம்கேல் போன்ற கைபர் பக்கத்து ஊர்களில் கொல்லர்கள் அசலைப் பார்த்து ராவி எடுத்தது. முத்திரையை எழுத்தாகப் பார்க்காமல் படமாகப் பார்த்துச் செதுக்கியிருப்பார்கள். என்ஃபீல்டு என்ற பெயரில் எழுத்து விட்டுப்போயிருக்கும், ஆங்கில 'என்' இடம் வலம் மாறித் திரும்பியிருக்கும். உங்கள் படத்தில் அந்த 'என்' எனக்கு அழகாகவே தெரிகிறது.

மனம் தளர வேண்டாம். ஒரு கொல்லர் உட்கார்ந்து ராவி ஒரு ரைஃபிளைச் செய்ததை மெச்சி, இவற்றையே தேடிச் சேர்ப்பவர்கள் இருக்கிறார்கள். நானும் அந்தக் கட்சி. அசல் என்று சொல்லி விற்றால்தான் தப்பு. அதற்குள் எந்த எஃகு என்று செய்தவருக்கே தெரிந்திருக்காது என்பதால் இதையும் சுவரோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

கேள்வி: விற்பதற்கு முன் துருவைத் தேய்த்து, கட்டைக்கு வார்னிஷ் அடித்துப் பளிச்சென்று ஆக்கிவிடட்டுமா?

பதில்: ஐயோ, வேண்டாம். கட்டையில் மங்கலாகத் தெரியும் வட்டமும் எழுத்தும் ஆய்வாளரின் முத்திரை, உப்புக் காகிதம் ஒரு முறை ஓடினால் அதோடு முடிந்தது. உலோகத்தின் நீலமும் பழுப்பும் திரும்ப வராது. கம்பிப்பஞ்சை வீட்டிலேயே ஒளித்து வையுங்கள். செந்துரு இருந்தால் மெல்லிய எண்ணெயில் ஊறவைத்து, பழைய பருத்தித் துணியால் பொறுமையாகத் துடையுங்கள். கறுத்து இறுகிய பழைய நிறத்தை அப்படியே விடுங்கள். கடைசியில் மெல்லிய மெழுகுப் பூச்சு போதும். பிரிட்டிஷ் மியூசியம் 1950-களில் இதற்கென்று ஒரு மெழுகை உருவாக்கியது, அருங்காட்சியகங்களில் இன்றும் அதைத்தான் கையில் எடுக்கிறோம். வாங்குபவருக்குப் பளபளப்பு வேண்டுமென்றால் அவரே செய்துகொள்ளட்டும்.

கேள்வி: பரணில் முன்பக்கமாக மருந்து இட்டுக் கெட்டிக்கும் பழைய துப்பாக்கி கிடைத்தது. படம் எடுத்து அனுப்பலாமா?

பதில்: அனுப்பலாம், ஆனால் முதலில் காலியா என்று பார்க்க வேண்டும். தாத்தா கெட்டித்து வைத்த மருந்து அப்படியே இருக்கலாம், கரிமருந்து காய்ந்திருந்தால் எத்தனை ஆண்டு ஆனாலும் பற்றும். முகத்தைக் குழலுக்கு நேரே கொண்டுபோகாமல், பக்கத்தில் நின்றபடி, ஒரு மரக்குச்சியைக் குழலுக்குள் முட்டும்வரை விட்டு, வாய்மட்டத்தில் கோடு போடுங்கள். குச்சியை எடுத்துக் குழலின் வெளிப்பக்கம் வைத்துப் பாருங்கள். முனை, தீப்பொறி உள்ளே போகும் துளை வரை வந்தால் காலி. இரண்டு விரல் அகலம் முன்னாலேயே நின்றுவிட்டால் உள்ளே ஏதோ இருக்கிறது. அப்படியானால் எதையும் கிண்டாமல், குழல் வாய் யாரையும் பார்க்காதபடி வைத்துவிட்டு, உரிமம் உள்ள ஆயுதப் பணியாளரையோ காவல்துறையையோ கூப்பிடுங்கள். படம் அதற்குப் பிறகு. அனுப்பும்போது துப்பாக்கி முழுக்கத் தெரியும்படி இரண்டு பக்கத்துக்கும் ஒவ்வொன்று, எழுத்தோ முத்திரையோ இருக்கும் ஒவ்வொரு இடத்துக்கும் அருகிலிருந்து ஒன்று, பக்கத்தில் அளவுகோல் வைத்து எடுங்கள். துப்பாக்கியைப் பிடித்துக்கொண்டு நீங்கள் நிற்கும் படம் வேண்டாம், முத்திரையைக் கை மறைத்துவிடுகிறது.